வேலூர்ல டெர்பி பாக்க ஒரு டீக்கடை, டீ மட்டும் சுமார்

மொதல்லயே சொல்லிடறேன், கடை பேரு போடல. போடாதன்னு கடைக்கார அண்ணனே சொல்லிட்டாரு. "குதிரை ரேஸுன்னு எழுதுனீன்னா இங்க ஏதோ பெட்டிங் நடந்துகினு கீதுன்னு நாளைக்கு எவனாவது வந்து நிப்பான், எனக்கு எதுக்குப்பா அந்த வம்பு"ன்னாரு, நியாயம்தான். காட்பாடியில இருந்து வேலூர் வர்ற வழியில, பாலாத்து பாலம் ஏர்றதுக்கு முன்னாடி, விருதம்பட்டு பக்கம் கீற கடைன்னு மட்டும் வச்சுக்குங்க. தகரக் கூரை, வெளிய ரெண்டு பெஞ்சு, உள்ள நாலு டேபிள், செவுத்துல ஒரு டிவி. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்குள்ள புரிஞ்சிருக்கும்.

நான் அங்க ரெகுலர் எல்லாம் கெடையாது. 2025 ஜூன் 7, சனிக்கிழமை, அன்னிக்கு பக்ரீத், மத்தியானம் பிரெண்டு வீட்ல பிரியாணிய ஒரு கட்டு கட்டிட்டு தூங்கி எழுந்தா வயிறு கல்லு மாதிரி கீது, ஒரு இஞ்சி டீ அடிச்சா தேவலன்னு ஏழரை மணிக்கு வண்டிய எடுத்தேன், வழியில பாதி கடை மூடியிருந்துச்சு, இது ஒண்ணு தொறந்திருந்துச்சு, அதான் உள்ள போனேன். போனா இருபது பேருக்கு மேல, எல்லாரும் டிவிய பாத்துகினு கீறாங்க. பச்சைப் புல்லு, உசரமான தொப்பி போட்ட வெள்ளக்காரங்க. ஏதோ இங்கிலீஷ் படம்னுதான் நெனச்சேன். பக்கத்துல இருந்த பெரியவரு ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, "படமா? டெர்பிப்பா டெர்பி! எப்சம்!" அப்டின்னாரு. இங்கிலாந்துல எப்சம்ங்கற ஊர்ல வருஷா வருஷம் நடக்கற பெரிய குதிரை ரேஸாம். எங்க ஊர்ல இவ்ளோ பேரு எப்சம் டெர்பிக்கு உக்காந்திருப்பாங்கன்னு யாராவது முன்னாடி சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

அந்தப் பெரியவரு பேரு யாருக்கும் தெரியல, எல்லாரும் ரயில்வே நைனான்னுதான் கூப்புடறாங்க, காட்பாடி ஸ்டேஷன்ல வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவரு. ரேஸ் நாள்னா காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சு சென்ட்ரல் போய், எதிர்ல பார்க் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி கிண்டியில எறங்குனா பக்கத்துலயே ரேஸ்கோர்ஸ், ராத்திரிக்குள்ள வூட்டுக்கு வந்துடலாம், இதையே முப்பது வருஷம் செஞ்சிருக்காரு. வூட்ல டூட்டின்னு சொல்லிட்டு போவாராம். இப்பவும் சட்டைப் பாக்கெட்ல ஒரு பழைய கிண்டி ரேஸ் புக்கு வச்சிருக்காரு, ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி அப்பளம் மாதிரி ஆயிடுச்சு, உள்ள ஒவ்வொரு குதிரை பேருக்கு நேரா பென்சில்ல டிக், இன்டு, கேள்விக்குறி. காட்டுனாரு, ஆனா கையில குடுக்கல.

கிண்டி மேட்டர் தெரியாதவங்களுக்கு. 1777லயே அங்க குதிரை ஓட ஆரம்பிச்சதா சொல்வாங்க, மெட்ராஸ் ரேஸ் கிளப் வந்தது 1896ல. 1974ல தமிழ்நாட்டுல குதிரை ரேஸையே ஒழிக்கிறோம்னு சட்டம் போட்டு, கேஸ் இழுத்துகினே போய், 1996ல சுப்ரீம் கோர்ட்டு இது வெறும் சூதாட்டம் கெடையாது, தெறமை சம்பந்தப்பட்ட ஆட்டம்னு சொல்லிடுச்சு. நைனாவுக்கு அந்த தீர்ப்பு மனப்பாடம் மாதிரி, "தெறமைப்பா, கோர்ட்டே சொல்லிச்சு"ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி சொல்றாரு. ஆனா 2024 செப்டம்பர்ல வாடகை பாக்கி பிரச்சனையில கவர்மெண்ட்டு நெலத்த எடுத்துகிச்சு, 160 ஏக்கர், கேட்டுக்கு சீல். அதோட இவரு பொழப்பும் முடிஞ்சுது. ரேஸ்ல எவ்ளோ வுட்டிருப்பாருன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல, பக்கத்துல இருந்தவரு மட்டும் "காந்தி நகர்ல ஒரு மனை"ன்னு என் காதுல சொன்னாரு. அதனால இந்த சமாச்சாரத்துல எனக்கு ஒரு பயம் எப்பவும் உண்டு. இந்தக் கடையில காசு வெளிய எடுக்கக் கூடாது, அதுதான் ரூலு. தோத்தவன் ஜெயிச்சவனுக்கு ஒரு பிளேட் பஜ்ஜி, அவ்ளோதான். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

சரி, டெர்பின்னா இன்னான்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. மூணு வயசு குதிரைங்க மட்டும் ஓடறது, அதனால ஒரு குதிரை வாழ்க்கையில ஒரே ஒருவாட்டிதான் இதுல ஓட முடியும், தோத்தா தோத்ததுதான். ஒண்ணரை மைல். மொத டெர்பி 1780ல நடந்துச்சு, டயோமெட்னு ஒரு குதிரை ஜெயிச்சுது. இத நைனா சொன்னதும் மூலையில உக்காந்திருந்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரு, "அதே 1780லதான் நம்ம ஆற்காட்ட ஹைதர் அலி குதிரைப்படையோட வந்து புடிச்சான்"னு எடுத்து வுட்டாரு. அவங்க அங்க தொப்பி போட்டுகினு குதிரை ஓட்டம் பாத்த அதே வருஷம் இங்க குதிரை வர்ற சத்தம் கேட்டாலே சனங்க ஓடியிருப்பாங்க இல்ல. டீ ஆறிப் போற வரைக்கும் நான் அதையே நெனச்சுகினு இருந்தேன். அப்புறம் வாத்தியாரே, "இப்ப நம்ம ஊர்ல குதிரை எங்க கீது, கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத் தூண்லதான் கீது"ன்னாரு.

எனக்குத் தெரிஞ்ச ஓட்டம்னா பொங்கலுக்கு அப்புறம் நம்ம பக்கம் நடக்கற மாடு விடற விழாதான். அதே மாதிரிதானேன்னு கேட்டேன், தப்பாப் போச்சு, நைனா ஒரு பாடமே எடுத்துட்டாரு. "மாடு இன்னா பண்ணும், தெருவுல தனியா ஓடும், எத்தினி செகண்டுன்னு பாத்து பரிசு குடுப்பாங்க. அது கடியாரத்தோட ஓடற ஓட்டம். குதிரை கூட்டத்துல ஓடணும், அடக்கி வெக்கணும், எப்ப வுடணும்னு ஜாக்கிக்குத் தெரியணும். எப்சம்ல பாதி தூரம் ஏத்தம், அப்பால ஒரே எறக்கமா டாட்டன்ஹாம் கார்னர்ல திரும்பணும். மொகிலி மலை ரோட்ல லோடு லாரி எறக்கற மாதிரி, பிரேக்கு புடிச்சாலும் போச்சு, புடிக்காட்டியும் போச்சு." இதுக்கு மேல ஒரு எக்ஸ்பர்ட்டு டிவில விளக்க முடியாது, சத்தியமா.

அன்னிக்கு பதினெட்டு குதிரை. ஃபேவரைட்டு டெலக்ருவா. பாதி கடை அத டெலக்ராய்ஸ்னுதான் சொல்லுச்சு, ஒருத்தரு சுருக்கி ராய்ஸுன்னே கூப்ட்டாரு. ஐடன் ஓ பிரையன்னு அயர்லாந்து டிரைனரு, அவரு லாயத்துல இருந்து மட்டும் மூணு குதிரை, அதுல பெரிய ஜாக்கி ரயன் மூர் டெலக்ருவா மேல உக்காந்தாரு. அதனால மொத்த கடையும் அந்தப் பக்கம். நைனா மட்டும் லாம்போர்ன். ஏன்னு கேட்டா மூணு விரல மடக்குனாரு: "தாத்தா கலிலியோ 2001ல டெர்பி. அப்பன் ஆஸ்திரேலியா 2014ல டெர்பி. புள்ள இவன். மூணு பேரையும் பழக்குனது ஒரே ஆளு. போன மாசம் செஸ்டர்ல ஜெயிச்சிட்டு வந்துருக்கான், இன்னிக்கு மழ பேஞ்சி தரை எளகிக் கெடக்குது, தம் கட்டி ஓடறவனுக்குத்தான் அது." நான் டெலக்ருவா மேல ஒரு பிளேட்டு வச்சேன். ஃபேவரைட்டு தோக்காதுன்னு ஒரு நெனப்பு.

இன்னொரு ஆளப் பத்தி சொல்லியே ஆகணும், பாய். ஆம்பூர்ல தோல் கம்பெனில முப்பது வருஷம். அவரு குதிரையவே பாக்கல, சேணத்த பாக்கறாரு. ரேஸுக்கு முன்னாடி பேடாக்ல, அதான் குதிரைய காட்டற எடத்துல, சுத்தி கூட்டினு வர்றப்ப, "அந்த வாரு பாரு, வயித்துக்கு அடியில, அதுல ஒரு தையல் வுட்டா மேல கீறவன் கீழ"ன்னு. அவரு அக்கா பையன் துபாய்ல, வீடியோ கால்ல லைன்லயே இருந்தான். அங்க அவங்களுக்கு துபாய் ஷேக்கோட கோடால்ஃபின் லாயத்து குதிரைன்னா உசுரு, ஜாக்கிக்கு நீல கலர் சட்டை, அவங்களோட ரூலிங் கோர்ட்டு, 2000 கினீஸ்னு இன்னொரு பெரிய ரேஸ் ஜெயிச்ச குதிரை, தரை எளகிடுச்சுன்னு அன்னிக்கே வாபஸ் வாங்கிட்டாங்க. பையன் துக்க வூட்ல பேசற மாதிரி பேசினு இருந்தான்.

எட்டு மணிக்கு ரேஸு. கேட்டு தொறந்ததும் கடையில ஒரு சத்தம், அப்புறம் அமைதி, பாய்லர் கொதிக்கறது மட்டும் கேக்குது. லாம்போர்ன் சட்டுனு முன்னாடி போயிட்டான், வெய்ன் லார்டன்னு ஒரு ஜாக்கி மேல. "இவ்ளோ சீக்கிரம் போனா கடைசில நாக்கு தள்ளிடும்"னு என் பக்கத்து ஆளு சொன்னாரு, நானும் ஆமான்னேன், எனக்கு இன்னா தெரியும். நைனா வாய தொறக்கல, கையில இருந்த டீ கிளாஸ தொடை மேல தட்டினே இருக்காரு, டக் டக் டக்குனு, குதிரை காலு மாதிரியே. ஏத்தம் முடிஞ்சு எறக்கம், டாட்டன்ஹாம் கார்னரு வருது, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க, அப்ப நின்னுச்சு பாருங்க டிவி. வட்டம் சுத்துது. சுத்தினே கீது. பதினெட்டு குதிரையும் அந்தரத்துல காலத் தூக்கினு நிக்குது.

வந்துச்சு பாருங்க வசவு, எழுத முடியாது. கடைக்கார அண்ணன் டிவி தலையில தட்டறாரு, டிவி இன்னா பண்ணும் பாவம். மாடி வீட்ல இருந்து இரவல் வாங்குன நெட்டு. அப்ப பாய் போன்ல துபாய் பையன் கத்தறான், "மாமு, லாம்போர்ன் தான் முன்னாடி, எவனும் கிட்ட வரல மாமு!" பாய் போன தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுகினாரு, இருபது பேரு அந்த போன சுத்தி, பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, சத்தம் மட்டும்தான். டிவிக்கு உசுரு வந்தப்ப லாம்போர்ன் கோட்ட தாண்டினு இருந்தான், ரெண்டாவது வந்தவன் மூணு லெங்த்துக்கும் மேல, அதாவது மூணு குதிரை நீளத்துக்கும் மேல, பின்னாடி. டெலக்ருவா ஒம்போதாவது. ஒம்போது! என் பிளேட்டு போச்சு.

நைனா குதிக்கல. டீ கிளாஸ கீழ வச்சாரு, ரேஸ் புக்க எடுத்து, பென்சில நாக்குல தொட்டு, பின் அட்டையில எடம் தேடி ஏதோ எழுதினாரு. அப்புறம் நிமிந்து, "யார்ரா ராய்ஸு மேல வச்சது, வரிசையா வாங்க"ன்னாரு. பதினோரு பிளேட்டு பஜ்ஜி. அந்த மனுஷன் தின்னது ரெண்டே ரெண்டு, சுகர் இருக்காம், மிச்சத்த எங்களுக்கே பங்கு போட்டாரு.

இப்ப கடைக்கு வர்றேன். டீ சுமார்தான், மறைக்க ஒண்ணும் இல்ல. இஞ்சி போட்டுட்டு அதுக்கு மேல ஏலக்காயும் போடறாரு, ரெண்டும் சண்ட போட்டுக்குது, சக்கரை வேற தூக்கல். மொளகா பஜ்ஜி மட்டும் வேற லெவலு. மாவு மெலிசு, மொளகாய கீறி உள்ள ஓமமும் உப்பும் தடவி போடறாரு, கடிச்சா மொதல்ல மொறுமொறு, ரெண்டு செகண்டு கழிச்சுதான் காரம் ஏறுது, கண்ணுல தண்ணி வந்தாலும் கை அடுத்ததுக்குத்தான் போவுது. கெட்டிச் சட்னி, பொட்டுக்கடலை கம்மி, தேங்கா நெஜமாவே போட்டிருக்காரு. அன்னிக்கு போனஸா பாய் வூட்ல இருந்து ஒரு தூக்கு பிரியாணி வந்துச்சு, சீரக சம்பா, கூட புளிப்பா கத்திரிக்கா கறி, மத்தியானம்தான் தின்னேன்னு சொன்னாலும் வுடல. அது கடை ஐட்டம் இல்ல, போய் கேட்டு வெக்காதீங்க.

கொறைன்னா, ஃபேனு ஒண்ணுதான், வேலூர் ஜூன் மாசத்துல தகரத்துக்கு அடியில இருபது பேரு, இட்லி கொப்பரைக்குள்ள உக்காந்த மாதிரி. பைக்கு நிறுத்த எடம் கெடையாது. நெட்டு பத்தி மேலயே அழுதுட்டேன். பொம்பளைங்க ஒருத்தரும் இல்ல, எங்க அக்காவுக்கு இந்த மாதிரி போட்டின்னா புடிக்கும், ஆனா கூட்டினு போனா எங்க உக்கார வெக்கறதுன்னு தெரியல, இத அண்ணன்கிட்டயும் சொன்னேன், உள் டேபிள்ல ஒண்ண ஒதுக்கறேன்னாரு, பாப்போம்.

அதுக்கப்புறம் ரெண்டு வாட்டி போயிட்டேன். ஜூன் கடைசி ஞாயித்துக்கெழம ஐரிஷ் டெர்பி, லாம்போர்ன் அதையும் அடிச்சிட்டான், நைனா காலர தூக்கி வுட்டுகினாரு. அடுத்த வாரமே சாண்டவுன்ல எக்லிப்ஸ் ரேஸுல எங்க டெலக்ருவா ஜெயிச்சுது, நான் கத்துன கத்துல பாய்லர் கிட்ட நின்னவரு திரும்பிப் பாத்தாரு. நைனா மட்டும் அசரல, "அது ஒண்ணே கால் மைலு, டெர்பி ஒண்ணரை, அந்த கால் மைலுலதான்பா சமாச்சாரமே கீது"ன்னாரு. பஜ்ஜி மட்டும் வாங்கிக் குடுத்தாரு.

டெர்பி அன்னிக்கு ராத்திரி பில்லு என் பங்கு நூத்தி எழுவது ரூவா ஆச்சு. கெளம்பறப்ப நைனா என் நம்பர வாங்கிகினாரு, எதுக்குன்னு தெரியல. விடிகாலை நாலரைக்கு போனு. தூக்கத்துல எடுத்தா, "தம்பி, அமெரிக்காவுல பெல்மாண்ட் ரேஸு ஆரம்பிக்கப் போறாங்க, எழுந்துட்டியா?" கடை தொறந்திருக்கான்னு கேட்டேன். "கடை இல்லப்பா, மொட்ட மாடில கீறேன், உள்ள போட்டா கெழவி எழுந்துக்கும்"னாரு.