ஐந்திலா, எட்டிலா, பன்னிரண்டிலா: பிள்ளையை வாத்தியத்தில் சேர்க்க எது சரியான வயது?

விஜயதசமி நெருங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பாட்டு டீச்சர்களின் போன் ஓயாது. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளைக்கு அஞ்சு முடியுது டீச்சர், வயலின்ல சேத்துரலாமா, இல்ல ரெண்டு வருசம் போகட்டுமா?" வீட்டுக்குள்ளேயே இதில் கட்சி பிரிந்திருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார் அப்பத்தா. முதலில் ஒழுங்காக எழுதப் படிக்கட்டும், இரண்டாம் வகுப்பு முடிந்ததும் பார்க்கலாம் என்பார் அம்மா. சிங்கப்பூரிலிருந்து அப்பச்சி, அதாவது அப்பா, வாட்ஸப்பில் வருவார்: "அவனா கேக்கட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

அரசாங்கத்தைக் கேட்டாலும் ஒரே பதில் வராது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். அதே துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப் பள்ளியில், நமக்கென்றால் சிவகங்கையில், 12 வயது ஆகாமல் உள்ளே விடமாட்டார்கள். 25 வரை சேரலாம். மன்றத்தில் பிள்ளை பாடி, ஆடி, வரைந்து பழகினால் போதும். இசைப் பள்ளியில் நடப்பது மூன்று ஆண்டுப் படிப்பு. அந்தந்த வேலைக்கு அந்தந்த வயது என்று பார்த்தால் இரண்டு விதியும் நியாயமாகத்தான் இருக்கிறது.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதுக்கு ஐந்து, கைக்கு எட்டு, பெரிய வாத்தியங்களுக்குப் பன்னிரண்டை ஒட்டி. இளம் வயதில் தொடங்குவதால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு காதுக்குப் போகிறது. அந்த லாபத்துக்கு வாத்தியமே வாங்க வேண்டியதில்லை, பாடினால் போதும்.

ஐந்து வயதுக் கட்சி

இவர்கள் பக்கம் ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. சுருதிப்பெட்டி இல்லாமலே ஒரு ஒலியைக் கேட்டதும் இன்ன ஸ்தானம், அதாவது எந்த உயரத்து ஒலி, என்று சொல்லிவிடும் காது, ஆறேழு வயதுக்குள் இசைப் பயிற்சி தொடங்கியவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. 1995-ல் ஷ்லாக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்கு முன் தொடங்கிய கலைஞர்களுக்கு மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் முன்பகுதி பெரிதாக இருந்தது. ஆனால் அவர்கள் சோதித்தது ஏற்கெனவே கலைஞர்களாகிவிட்டவர்களை. ஐந்தில் தொடங்கி ஆறரையில் ஓடிப்போன பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அதோடு, கர்நாடக சங்கீதத்தில் ஷட்ஜத்துக்கு, அதாவது ‘ஸ’வுக்கு, நிலையான இடம் கிடையாது. ஒருவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். ஸ்தானத்தைத் தனியாக அடையாளம் சொல்லும் காதைவிட, பிடித்த சுருதியை விடாமல் நிற்கும் காதுதான் இங்கே சோறு போடும். அது பாட்டுப் பயிற்சியிலேயே வரும். தாளமும் தொடையில் தட்டியே வரும்.

கை விஷயம் வேறு. ஐந்து வயசுக்காரன் வயலின் பழகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஆத்தங்குடிக் கல் தரையில் ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட வைக்கிறார்கள். வயலினின் தலை வலது கணுக்கால் மேல் நிற்க வேண்டும்; இவன் கால் குட்டை, வயலின் மடியில் சரிகிறது. விரல் வைக்கும் இடம் தெரிய டீச்சர் பட்டையில் மெல்லிய டேப் ஒட்டியிருக்கிறார். பிள்ளை டேப்பைக் குனிந்து பார்க்கிறது, பார்த்த நேரத்தில் வில் பாலம் பக்கம் வழுக்கிப் போகிறது. வில்லைச் சரிசெய்தால் விரல் எழுந்துவிடும். பத்து நிமிஷத்தில் கண் வாசல் பக்கம் போய்விடும். இது பிள்ளையின் குற்றமில்லை, அந்த வயதின் கவனம் அவ்வளவுதான்.

ஜப்பானின் சுசுகி முறையில் மூன்று நான்கு வயதிலேயே வயலின் தொடங்குகிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும், வீட்டில் அவர்களே பழக்க வேண்டும். முறையின் பாதி பாரம் அவர்கள் தோளில் இருக்கிறது. நம் பக்கத்து நிலைமை தெரிந்ததுதானே. அப்பா வெளிநாட்டில், அம்மா வேலையில், பிள்ளை பல வீடுகளில் அப்பத்தாவிடமோ அம்மாவைப் பெற்ற ஆயாவிடமோ வளர்கிறது. ஒரு டீச்சர் "சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பாருங்க ஆச்சி" என்று சொன்னதற்கு வந்த பதில்: "நான் என்னத்தக் கண்டேன் தாயி? அவன் ராகத்த இழுக்குறானா, கதவ இழுக்குறானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி.

பிஞ்சிலேயே மேடை ஏறியவர்களின் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்களும் உண்டு. புல்லாங்குழல் மாலி 1933-ல் மயிலாப்பூரில் அரங்கேறியபோது வயது ஏழு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஆறு வயதில் தொட்டு, ஒன்பதில் கச்சேரி செய்தார். சரி, ஸ்ரீநிவாஸ் எடுத்தது யாருடைய மாண்டலின்? அவருடைய அப்பாவுடையது. நம் ஊர்ப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன காரைக்குடி சகோதரர்களும் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பத்தில் பிறந்தவர்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடையாக. அப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளை வகுப்புக்குப் போவதில்லை, வகுப்புக்குள்ளேயே வளர்கிறது. வீட்டில் யாரும் பாடாத, வாசிக்காத குடும்பம் அந்த வயதை மட்டும் கடன் வாங்கிப் பயனில்லை.

எட்டு வயதில் என்ன மாறுகிறது

நிறைய மாறுகிறது. ‘ஸரிகமபதநி’யை நோட்டில் எழுதி, தானே பார்த்துப் படிக்க முடிகிறது. நேற்று டீச்சர் சொன்னதை இன்று நினைவில் வைத்து, யாரும் அதட்டாமல் இருபது நிமிஷம் சாதகம் (பயிற்சி) செய்ய முடிகிறது. முன்பற்கள் விழுந்து புதுப்பல் ஓரளவு வந்திருக்கும் என்பதால் புல்லாங்குழலில் காற்று நிற்கிறது. பொக்கைப் பல் பருவத்தில் குழல் ஊதவைப்பது வீண் வேலை. குழலிலும் சின்னக் குழலாக, மேல் கட்டைச் சுருதியில் உள்ளதாகத் தொடங்கினால்தான் துளைகள் விரலுக்கு எட்டும். மிருதங்கத்துக்கும் இந்த வயது சரி. சிறுவர்களுக்கென்று சின்ன அளவில் செய்து தருகிறார்கள், ‘தா தீ தொம் நம்’ தெளிவாக விழும் அளவுக்கு உள்ளங்கையும் விரலும் வலுத்திருக்கும். மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பிறந்த ஊரில் மிருதங்கத்துக்கு ஆசைப்படும் பையன்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, முதலில் வாயால் சொற்கட்டு, அதாவது தாளச் சொற்களை, சொல்லப் பழக்குகிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

நான் பார்த்த வரையில், முதல் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) வாசிக்க ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்டு வயதில், அதுவும் முன்பே பாடிப் பழகியிருந்தால், சில மாதங்களில் அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பத்து வயதில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்தால் யார் முன்னால் தொடங்கியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இது ஆய்வு முடிவு இல்லை, இந்த ஊரில் சில வகுப்புகளைப் பார்த்துச் சொல்வது.

கீபோர்டு பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆறு வயதிலும் தொடங்கலாம், விரல் வைத்தால் ஒலி வந்துவிடும், பிள்ளைக்குச் சலிப்பு வராது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துவது மாதிரியான இசைத் தேர்வுகளுக்கு வயது வரம்பும் கிடையாது. ஆனால் கட்டையை அழுத்தினால் அந்த ஒலி அங்கேயே நிற்கும், ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகம் வளையாது. பிறகு வீணைக்கோ வயலினுக்கோ மாற்றும் எண்ணம் இருந்தால் கீபோர்டோடு பாட்டு வகுப்பும் சேர்ந்தே இருக்கட்டும்.

பன்னிரண்டு பிந்திப்போன வயதா?

இல்லை. வீணைக்கு இதுதான் வசதியான வயது என்றுகூடச் சொல்வேன். வீணை ஏறத்தாழ நாலடி நீளம். ஆறு வயதுப் பிள்ளையே ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான் இருக்கும். தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த இருபத்து நான்கு மெட்டுகளின் மேல் இடக்கை ஓட வேண்டும், வலக்கை விரல் மீட்ட வேண்டும், சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் இடக்கையைத் திருப்பிப் பாருங்கள்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி பதிந்து குறுக்கே சிவந்த கோடு விழுந்திருக்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது எரியும். எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசிப்பார்கள், நாளாவட்டத்தில் அந்த இடம் காய்த்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைப் பெருமையாகத் தோழிக்குக் காட்டும். ஆறு வயது அழும்.

நாகசுரமும் இப்படித்தான். வாயில் வைத்து ஊதும் சீவாளியில் ஒலி பிடிக்கவே மூச்சும் உதடும் வலுக்க வேண்டும். இப்போது வாசிக்கும் பாரி நாகசுரம் இரண்டரை அடியைத் தாண்டும். கல்யாண முகப்பில் மேளம் வாசிக்கிறவர்களைப் பார்த்து ஆசைப்படும் பையன் இருந்தால், வாய்ப்பாட்டில் காது தயாராகட்டும், நாகசுரம் கையில் வர அவசரமில்லை. சிவகங்கைப் பள்ளியில் நாகசுரமும் தவிலும் உண்டு, கட்டணமும் பெயருக்குத்தான்.

பையன்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்றில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். அதுவரை நன்றாகப் பாடியவன் வெட்கப்பட்டு வகுப்பையே விட்டுவிடுவான். அந்த நேரத்தில் கையில் ஒரு வாத்தியம் இருந்தால் கற்ற சங்கீதம் வீணாகாது.

குறையும் உண்டு. ஏழாம் வகுப்பு முடித்துச் சேர்கிற பிள்ளைக்கு இசைப் பள்ளியின் மூன்று ஆண்டுப் படிப்பில் கடைசி வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு மோதும். "பரீச்சை முடியட்டும்" என்று நிறுத்திய வீணையைத் திரும்ப உறையிலிருந்து எடுத்தவர்கள் குறைவு. மேடைக் கலைஞராக வேண்டும் என்பதே லட்சியமானால் பன்னிரண்டில்தான் முதல் சரளி வரிசை என்பது கஷ்டமான பாதை. அதைப் பூசி மெழுக வேண்டாம். ஆனால் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த லட்சியத்தோடு வருகிறார்கள்?

செலவு

வயலினுக்கு உடம்புக்கேற்ற அளவுகள் உண்டு: கால், அரை, முக்கால், முழு. கால் அளவுக்கும் சின்னதாகவும் கிடைக்கும். ஐந்தில் தொடங்கினால் முழு அளவுக்கு வருவதற்குள் மூன்று நான்கு வயலின் மாற வேண்டியிருக்கும். எட்டில் தொடங்கினால் பெரும்பாலும் அரையில் ஆரம்பித்து முக்காலைத் தாண்டினால் போதும். சின்ன அளவை விற்பதும் நம் ஊரில் லேசில்லை, டீச்சரிடம் சொல்லி வைத்து அடுத்த பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் வாங்குவதற்கு முன் டீச்சரின் அலமாரியில் பழசு இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. வீணைக்கு இந்த அளவுப் பிரச்சினை இல்லை, ஆனால் விலை பல மடங்கு; பழைய வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஆச்சி காலத்து வீணை ஏதாவது உறையில் கிடந்தால், மெழுகும் மெட்டும் சரிபார்த்துக் கம்பி மாற்றினாலே பெரும்பாலும் ஓடும்.

எங்கள் வீட்டில் தங்கை மகனுக்கு இப்போது ஆறு வயது, வயலின் கேட்கிறான். இந்த விஜயதசமிக்குப் பாட்டில் மட்டும் சேர்த்திருக்கிறோம். சனி, ஞாயிறு காலையில் அரைமணி நேரம், அழைத்துப்போவது நான். வயலினை டீச்சர் வீட்டில் தொட்டுப் பார்க்க மட்டும் அனுமதி. எட்டு முடியும்போதும் இதே ஆசை இருந்தால் நேராக அரை வயலின்.