சேலத்துல ஹெல்த் கேஸ் இன்டர்ன்ஷிப்: போலாமா வேணாமா

மே லீவு விட்டா சென்னைக்கு பெட்டி கட்டுற லா ஸ்டூடன்ட்ஸ்க்காக இந்த ரிவ்யூ. நம்ம சேலத்துலயே அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஒரு அட்வகேட் மேடம் பேஷன்ட் சைடு கேஸ் மட்டும்தான் எடுப்பாங்க, சம்மர்ல இன்டர்ன்ஸ் சேத்துக்குவாங்க. பேர் போட வேணாம்னுட்டாங்க, ஏற்கனவே கூட்டம் தாங்கலயாம். கோர்ட் வாசல்ல விசாரிச்சா சொல்லிடுவாங்க.

ஸ்டைபண்ட் பத்து பைசா கிடையாது, பஸ் ஜெராக்ஸ் எல்லாம் நம்ம காசு. ஒரே ஒரு ஃபேன், அதுவும் மேடம் சீட்டுக்கு மேல. சர்டிபிகேட் மட்டும் பக்கா. பார் கவுன்சில் ரூல்படி 5 வருஷ கோர்ஸ்க்கு மொத்தம் 20 வாரம், 3 வருஷத்துக்கு 12 வாரம் காட்டணும்ல, தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல போகக்கூடாது, அதுக்கு தகுந்த மாதிரிதான் பேட்ச் போடுறாங்க.

டாக்டர் மேல நெக்லிஜென்ஸ் கேஸ், கோர்ட்ல அனல் பறக்கும்னு நெனச்சு போனா ஏமாந்துடுவீங்க. காலேஜ்ல 1995 சாந்தா கேஸை (காசு வாங்குற ஆஸ்பத்திரி சேவையும் கன்ஸ்யூமர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது) பக்கம் பக்கமா எழுதுறோம், இங்க வர்றவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "ஏன் கண்ணு, பணம் வருமா வராதா?" முக்கால்வாசி இன்சூரன்ஸ் க்ளைம் ரிஜெக்ட் ஆனவங்க.

தறி ஓட்டுறவரோட சம்சாரம் ஒரு அக்கா மஞ்சப்பை நெறைய பேப்பரோட வந்தாங்க. வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சிருக்காங்க, பாலிசி எடுக்கும்போதே சுகர் இருந்ததை மறைச்சுட்டீங்கனு க்ளைம் ரிஜெக்ட். எங்கடா வந்துச்சு இதுன்னு பாத்தா டிஸ்சார்ஜ் சம்மரில ஒரே வரி, 'டிஎம், 10 இயர்ஸ்', அதாவது பத்து வருஷமா சுகர். ஆனா சுகர் கண்டுபிடிச்சதே பாலிசி எடுத்த பிறகுதானாம். அட்மிஷன் அன்னைக்கு டூட்டி டாக்டர் கேட்டப்போ கூட போன மச்சான் குத்துமதிப்பா "ஒரு பத்து வருசம் இருக்குங்க"னு சொல்லி வச்சிருக்காரு!

அப்புறம் நம்ம வேலை என்னன்னா பழைய ப்ளட் டெஸ்ட் ரிப்போர்ட்டெல்லாம் தேடி தேதி வாரியா அடுக்கணும், பாத்த டாக்டர்கிட்ட அந்த ஒரு வரியைத் திருத்தி லெட்டர் வாங்கணும், ஆஸ்பத்திரில கேஸ் ஷீட் காப்பி வாங்கணும். கேட்ட 72 மணி நேரத்துல ரெக்கார்ட்ஸ் தரணும்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 ரெகுலேஷன்லயே இருக்கு, ஆனா அந்த ஆஸ்பத்திரில வாயால கேட்டா "நாளைக்கு வாங்க"தான், மனு எழுதி சீல் வாங்கினதும் மறுநாளே காப்பி கைக்கு வந்துடுச்சு.

கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பாத்துட்டு, அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற சென்னை ஆம்பட்ஸ்மேன். ஃபீஸ் கிடையாது, அதே சமயம் வக்கீல் வச்சு வாதாடவும் முடியாது, பாலிசி எடுத்தவங்கதான் பேசணும். அதனால மேடம் இன்சூரன்ஸ் ஆபீசர் மாதிரி எதிர்ல உக்காந்து கேள்வி கேப்பாங்க, அந்த அக்காவும் வீட்டுக்காரரும் பதில் சொல்லணும், நாங்க வாயே திறக்கக்கூடாது. வக்கீலுக்கு படிக்கிறவனுக்கு இதைவிட கஷ்டமான ட்ரெய்னிங் வேற என்ன இருக்கு. கன்ஸ்யூமர் கமிஷன் மேட்டரும் கொஞ்சம் வரும், சேவைக்கோ பொருளுக்கோ நாம கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா அங்கயும் ஃபீஸ் இல்ல.

ஏற்காடு மேல கிராமத்துல கேம்ப் ஒண்ணு, மிஸ் பண்ணிடாதீங்க. முதல்வர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் இருக்கு, ஆனா கார்டு வேணும்னா விஏஓகிட்ட வருமான சான்று, ரேஷன் கார்டு, அப்புறம் மலை இறங்கி கலெக்டர் ஆபீஸ். தோட்டத்துல ஒரு நாள் கூலியை விட்டுட்டு யாரு வருவா? எஸ்டி மக்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வருமானமே பாக்காம இலவச சட்ட உதவி உண்டுன்னு 1987 சட்டப் பணிகள் ஆணைய சட்டத்துலயே இருக்கு, அதை சொன்னா ஒரு பெரியவர் "நெசமாவா சாமி"னு திரும்பத் திரும்ப கேட்டாரு.

குறைன்னா, ட்ராஃப்ட்ட திருத்த மேடத்துக்கு நேரமே இல்ல, சிவப்பு மைல சுழிச்சு விட்டுட்டு போயிடுறாங்க, ஏன் தப்புன்னு சீனியர் அக்காவத்தான் புடிச்சு கேக்கணும். அஞ்சுக்கு நாலு தரலாம். அப்ளை பண்ணும்போதே ஏற்காடு கேம்ப் எந்த பேட்ச்லனு கேட்டுக்கோங்க, கோடை விழா நாள்ல மாட்டினா கொண்டை ஊசி வளைவுல வண்டியிலயே பாதி நாள் போயிடும்.