மழை மாதத்தில் நாவல் எழுத: எதை வாங்கலாம், எதை விடலாம்

முப்பது நாளில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிக்கும் வழக்கம் 1999இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேரோடு தொடங்கியது. முதல் வருடம் ஜூலையில் எழுதினார்கள். மறுவருடமே நவம்பருக்கு மாற்றிக்கொண்டார்கள். வெளியே போக முடியாதபடி வானிலை மோசமாக இருக்கும் மாதம், வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதத் தோதான மாதம் என்பது அவர்கள் கணக்கு. அதை நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நவம்பர் பிறந்தால் எழுத உட்காருகிறவர்கள் இன்னும் இருக்கிறோம். பாளையங்கோட்டையில் நானும் என் மதினியும் சில வருடங்களாக விடாமல் எழுதுகிறோம். மதினி மடிக்கணினியில், நான் நோட்டில்.

நமக்கும் அது மழை மாதம்தான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. மழை வந்தால் கரண்ட் போகும், துணி காயாது, காகிதம் நமத்துப்போகும், தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று தெருவே பேசிக்கொண்டிருக்கும். அதனால் இந்த ஒரு மாதத்துக்கு எதை வாங்கினாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். மழையில் இது தாங்குமா? எழுதிக்கொண்டிருக்கும்போது என்னை எழுந்திருக்க வைக்குமா?

எவ்வளவு எழுதப்போகிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வாங்குவது என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இலக்கு 50,000 சொல். ஒரு நாளைக்கு 1,667. அதை அப்படியே தமிழுக்கு வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். ‘வந்திருக்கமாட்டான்’ நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்து சொல் ஆகும். 50,000 தமிழ்ச் சொல் என்றால் அவர்கள் எழுதுவதைவிடப் பெரிய நாவலை எழுத வேண்டியிருக்கும். முதல் வருடம் அந்த எண்ணிக்கையைப் பிடிக்கக் கதைக்கு வேண்டாத வருணனைகளை எழுதினேன். திருத்தும்போது எல்லாவற்றையும் அடிக்க வேண்டியதாயிற்று. இப்போது எனக்கு நாளைக்கு 1,000, மாதத்துக்கு 30,000. மதினி 50,000தான் வேண்டும் என்று நிற்பார். அவர் நாவலில் பாதிக்கு மேல் பேச்சு, வேகமாக ஓடும். புதிதாக எழுத வருகிறவர்கள் 30,000இல் தொடங்குவது நல்லது.

என் கையெழுத்தில் லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 130 சொல் வரும். 30,000 சொல்லுக்கு 230 பக்கம். 192 பக்க நோட்டு இரண்டு வாங்கினால் ஊர்ப்பெயர், உறவுமுறை, யார் எப்போது செத்தார்கள் என்று குறித்துவைக்கவும் இடம் மிஞ்சும். கடையில், “அண்ணாச்சி, லாங் சைஸ் நோட்டு ரெண்டு” என்றால், “கோடு போட்டதா, போடாததாம்மா?” என்று கேட்பார். கோடு போட்டதையே வாங்குங்கள். இருட்டில் மெழுகுவர்த்தி வைத்து எழுதும்போது கோடு இருந்தால்தான் வரி வரியாக நிற்கும்.

நோட்டா, கணினியா? இதில்தான் நானும் மதினியும் ஒத்துப்போனதே இல்லை. கணினியின் பெரிய பலம், எழுதியதைத் தேடலாம், வெட்டி ஒட்டலாம், டிசம்பரில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டாம். மதினி தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறார். ‘அம்மா’ என்பதற்கு அதில் அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘பந்து’, ‘தங்கம்’ போன்ற சொற்களில் வரும் ந்த, ங்க ஆகியவற்றுக்கும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறையில் ‘அம்மா’வுக்கு ஐந்து தட்டு. ஒரு தட்டு மிச்சம் என்பது சின்ன விஷயம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தமிழ்99இல் அடிக்கும்போது மனசுக்குள் தமிழ் எழுத்தே ஓடுகிறது, நடுவில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வந்து நிற்பதில்லை. நாவல் எழுதுகிறவருக்கு அது முக்கியம். ஆனால் அதை அக்டோபரிலேயே பழகிவிட வேண்டும். நவம்பர் முதல் தேதி எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தால் கதை நகராது.

கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுதவைப்பதையும் முயன்றோம். மேடைத் தமிழில் சொன்னால் நன்றாக எழுதுகிறது. “எங்க போறிய?” என்று நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் வேறு ஏதோ எழுதிவிடுகிறது. வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் இதை நம்ப வேண்டாம்.

நோட்டின் பலம் கரண்ட் போகும்போது தெரியும். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மதினியின் மடிக்கணினி மாடியில் பத்திரமாக இருந்தது, திறக்கத்தான் வழியில்லை. என் நோட்டு இரண்டும் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்தபிறகு எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். முதல் பத்து நாள் மைப்பேனாவில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கங்கள் முழுக்க வெளிறிய நீலம், ஓர் ஓரத்தில் ‘பாட்டி’ என்ற சொல் மட்டும் நின்றது. பதினோராம் நாளிலிருந்து பால்பாயின்ட். தாள் சுருங்கி அப்பளம்போல ஆகியிருந்தது, ஆனால் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. பால்பாயின்ட் மை எண்ணெய் சேர்ந்தது, தண்ணீரில் கரையாது. மைப்பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும், சில ஜெல் பேனா மையும் அப்படித்தான். மைப்பேனாவில் எழுதும் சுகம் எனக்கு இன்றும் பிடிக்கும். கடிதம் எழுத வைத்திருக்கிறேன், நாவலுக்கு எடுப்பதில்லை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி எழுதிய பக்கங்களைப் படம் பிடித்து மதினிக்கு அனுப்பிவிடுகிறேன். அவர் தன் கோப்பை எனக்கு அனுப்பிவிடுகிறார்.

அதனால் என் தீர்ப்பு இது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, தமிழ் தட்டச்சு கைவந்தவர் என்றால் கணினி. மற்றவர்களுக்கு நோட்டும் பால்பாயின்ட்டும். நோட்டு எங்கே இருந்தாலும் மேல்தட்டில்.

சரி, தின்பதற்கு. திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவைப் பற்றிப் பேசாமல் முடியாது. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அந்த அல்வாவுக்கு ஈடு கிடையாது. ஆனால் எழுதும் மேசைக்கு அது ஆகாது. சுடச்சுட இலையில் வாங்கினால் நெய் விரலிடுக்கு வரை இறங்கும், அந்த விரல் பட்ட தாளில் அப்புறம் பேனா ஓடாது. எழுந்து கை கழுவப்போனால் எழுத வந்த வரி போய்விடும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும் என்பதால் எனக்கு எழுதும் நேரமும் போய்விடும். மிக்சர், காராச்சேவுக்கும் இதே குறைதான், எண்ணெய்க் கை.

எழுதும்போது தின்ன கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்தது. இடது கையில் ஒரு துண்டைப் பிடித்துக் கடிக்கலாம், வலது கை எழுதிக்கொண்டே இருக்கும். பசியையும் கொஞ்சம் தாங்கும். ஒரே குறை, ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டும். இறுக்கி மூடும் டப்பாவில் போட்டுவைத்தால் மாதம் முழுக்க மொறுமொறுப்பு போகாது. அல்வாவை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். வாரக் கணக்கு எட்டியிருந்தால் கால் கிலோ, இரண்டு பேரும் சேர்ந்து.

குடிக்க, காலையில் ஃபில்டர் காபி, அதில் பேச்சே இல்லை. ராத்திரிக்குத்தான் யோசிக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் காபி குடித்தால் அன்றைக்கு 1,500 சொல் வரும், மறுநாள் தூக்கக்கலக்கத்தில் 400கூட வராது. முப்பது நாள் வேலைக்கு அது நஷ்டம். ராத்திரிக்குச் சுக்குக் காபி போதும். சுக்கு, மல்லி, மிளகு இடித்து, உடன்குடிக் கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் மூன்று மணி நேரம் அடுக்களைப் பக்கம் போக வேண்டாம். மழைச் சளிக்கும் நல்லது.

உட்கார இடம் அவரவர் முதுகைப் பொறுத்தது. எனக்குப் பத்தமடைப் பாயும் சாய்வு மேசையும். மதினிக்குக் கைவைத்த நாற்காலி. மழைக்காலத்தில் தரை சில்லிடும், அதனால் பாய்க்கு அடியில் ஒரு ஜமுக்காளம் வேண்டும்.

இந்த வருடத்துக்கு நோட்டு வாங்கி மேல்தட்டில் வைத்தாயிற்று. பால்பாயின்ட் பேனா ஆறு இருக்கிறது. சுக்கு மட்டும்தான் இன்னும் இடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதினி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.