கரடியோடு எட்டரை வருஷம்: நியூஃபவுண்ட்லாந்து நாய்க்குப் புத்தி எப்படி?

"இந்த நாய்க்குப் புத்தி எப்படிங்க?" என்று முதல் வருஷம் யாராவது கேட்டிருந்தால், சந்தேகமே இல்லாமல் "மக்கு" என்று சொல்லியிருப்பேன். மூன்றாம் வருஷம் கேட்டவர்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பெருமை பேசினேன். அதற்காக இப்போது அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கரடி என்பது எங்கள் நியூஃபவுண்ட்லாந்து நாயின் பெயர். அவனுக்கு இப்போது எட்டரை வயசு. ஆண், முழுக் கறுப்பு, 64 கிலோ. இந்த இனம் பொதுவாக எட்டிலிருந்து பத்து வருஷம்தான் இருக்கும் என்பதால், நீண்ட கால அனுபவம் எழுத இதைவிடத் தோதான நேரம் எனக்குக் கிடைக்காது. "நாய் என்ன மிக்ஸியா, பயன்பாட்டு அனுபவம் எழுத?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

குட்டிக்கு நாலு மாசம் ஆனபோது பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். பக்கத்தில், சட்டென்று கற்றுக்கொள்ளும் பார்டர் காலி இனத்துக் குட்டி ஒன்று. பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்குள் அது உட்கார்ந்துவிடும். நம்ம ஆள் என்னைப் பார்ப்பான், தரையைப் பார்ப்பான், பயிற்சியாளரைப் பார்ப்பான், அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துவிடுவான். நான் "உட்கார், உட்கார்" என்று ஏலம் போட்டுக்கொண்டிருப்பேன். அங்கே வந்த ஒரு அம்மா, வீட்டில் இரண்டு நியூஃபிகள் (நியூஃபவுண்ட்லாந்து நாய்களின் செல்லப் பெயர்) வளர்த்தவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கொஞ்சம் பொறு தம்பி, அது யோசிச்சுக்கிட்டு இருக்கு." நான் வாயை மூடினேன். ஐந்தாறு விநாடி கழித்து மெதுவாக உட்கார்ந்தான். அந்த ஐந்தாறு விநாடியை நான் இத்தனை நாளாக அவனுக்குக் கொடுக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நாய்களின் புத்தி பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் தூக்கிக் காட்டும் ஒரு தரவரிசை உண்டு. உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்டது. வட அமெரிக்காவின் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்கள் சுமார் 200 பேரிடம் கேட்டுத் தொகுத்தது. அதில் நியூஃபவுண்ட்லாந்துக்கு 34ஆம் இடம். புதிய கட்டளையை 15 முதல் 25 தடவை சொன்னால் புரிந்துகொள்ளும், முதல் தடவை சொன்னதும் செய்வது 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அந்த இடத்தையொட்டி வரும் இனங்களுக்குக் கணக்கு. என் அனுபவம் ஏறக்குறைய இதற்குள் அடங்குகிறது. "உட்கார்" இருபது தடவைக்குள் பதிந்துவிட்டது. "வா" பதிய ஒரு வருஷம் ஆனது, ஆனால் அது புரியாததால் இல்லை. வருவதால் என்ன லாபம் என்று அவனுக்குத் தெளிவாகவில்லை.

பட்டியலைக் காட்டுகிறவர்கள் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. கோரனே புத்தியை மூன்றாகப் பிரிக்கிறார்: இனத்தின் பிறவி வேலைத் திறன், சொந்தமாக ஒரு சிக்கலை அவிழ்க்கும் திறன், மனிதன் சொல்வதைக் கற்றுச் செய்யும் திறன். அந்த வரிசை மூன்றாவதை மட்டும் அளந்தது. மற்ற இரண்டிலும் இந்த நாய் எங்கே நிற்கிறது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அந்த இரண்டையும் வீட்டில்தான் பார்க்க வேண்டும். பந்தை எறிந்தால் முதல் தடவை கொண்டுவந்து கொடுப்பான். இரண்டாவது தடவையும் கொடுப்பான். மூன்றாவது தடவை பந்து விழுந்த இடத்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், படுத்துக்கொள்வான். வேண்டும் என்றால் எதற்கு எறிந்தாய் என்ற முகம். பந்துக்கு இந்த மரியாதை. ஆனால் கடையிலிருந்து வந்து வண்டியில் இருக்கும் பைகளை இறக்கும்போது ஒரு பையை வாயில் கொடுத்தால், சலிக்காமல் பத்து நடை நடப்பான். நான் பேசிப் பார்த்த நியூஃபி வீட்டுக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே இதைச் சொல்கிறார்கள்: விளையாட்டு வேலைக்கு வராது, நிஜ வேலைக்கு வரும்.

கதவு விஷயமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடி. இரண்டு வயது வரைக்கும் அவன் அதைத் தொட்டதே இல்லை. ஒரு நாள் மகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கரடி கதவருகே போனான், ஒரு காலைத் தூக்கிக் கைப்பிடியில் வைத்து அழுத்தினான், உள்ளே போய் அவள் மடிமேல் தலையை வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, முயற்சி செய்து தோற்றதையும் நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் திறப்பதை இரண்டு வருஷமாகக் கவனித்து வைத்திருந்திருக்கிறான், அவ்வளவுதான். கண்கலங்க வைக்கும் கதைதான், ஆனால் அதோடு முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கதவுக்கும் மதிப்பில்லை. குளியலறை உட்பட.

இப்போது தண்ணீர். இந்த இனத்தைப் பற்றி எழுதிவிட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வலை இழுத்து, வண்டி இழுத்து, கடலில் விழுந்ததை எடுத்து வந்து பழகிய நாய் இது. விரல்களுக்கிடையே சவ்வு, எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமம். படகில் இருக்கிறவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். நின்று கட்டளை கொடுக்க நேரம் எங்கே இருந்திருக்கும்? தானாகப் பார்த்து இறங்குகிற நாய்தான் அங்கே உதவியிருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் கரடியை ஏரியில் பார்த்த பிறகு வேறு விதமாக நினைக்க வரவில்லை.

அவனுக்கு ஒன்றரை வயதில், நான் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். நிம்மதியாக. கரையிலிருந்து நேராக வந்தான், என்னை ஒரு சுற்றுச் சுற்றினான், மணிக்கட்டைப் பல் படாமல் வாய்க்குள் வாங்கிக்கொண்டு கரைக்கு இழுத்தான். நான் சிரித்துக்கொண்டே மறுபடி உள்ளே போனேன். மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவை கரையில் என் மேலேயே படுத்துவிட்டான். ஏழு வருஷமாக அவன் இருக்கும்போது நான் ஒழுங்காக நீந்தியதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவரையும் இப்படி இழுத்து வந்திருக்கிறான். அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நியூஃபி வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை, "எங்க வீட்லயும்தான்" என்று அவரவர் கதையை ஆரம்பிப்பார்கள்.

இதைப் புத்தி என்பதா, புத்தி கெட்ட பிறவிப் பழக்கம் என்பதா? நீந்துகிறவனையும் மூழ்குகிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அதனால் நீர்ப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அமெரிக்க நியூஃபவுண்ட்லாந்து சங்கத்தார் நடத்தும் நீர்மீட்புத் தேர்வின் மேல்நிலையில் ஒரு பகுதி உண்டு. தண்ணீரில் மூன்று பேர் நிற்பார்கள், ஒருவர் மட்டும் கைகளை அடித்துத் தத்தளிப்பது போல் நடிப்பார், நாய் மிதவை வளையத்தை அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அதே மாதிரி நாங்களும் வைத்துப் பார்த்தோம். கரடி வளையத்தைக் கவ்விக்கொண்டு கம்பீரமாக நீந்திப் போய், சும்மா நின்றுகொண்டிருந்த என் மகளிடம் கொடுத்தான். தத்தளித்தவர் தத்தளித்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாசம் இதே கதை. மூன்றாம் மாசம் பாதி வழியில் நின்று, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, திசையை மாற்றினான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்நியரென்றால் தத்தளிக்கிறவரிடம்தான் போவான். எனக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. நான் எப்படி நீந்தினாலும் மூழ்குகிறேன் என்பது அவன் தீர்ப்பு. என் நீச்சலைப் பார்த்தவர்கள் அதையும் புத்திசாலித்தனம் என்றே சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "நியூஃபி கட்டளைக்கு அடங்காது, சுயமாகச் சிந்திக்கும்" என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வதில் பாதி, பயிற்சி கொடுக்கச் சோம்பியதற்குச் சாக்கு. இத்தாலியில் ஃபெருச்சியோ பிலெங்கா என்பவர் 1989இல் தன் நியூஃபவுண்ட்லாந்து நாய் மாஸோடு தொடங்கிய மீட்பு நாய்ப் பள்ளியில், நாய்கள் ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதிக்கின்றன. சொன்ன கணத்தில் குதிக்க வேண்டிய வேலை அது, "எனக்கு மூடு இல்லை" என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. கற்றுக்கொடுக்கிறவருக்குப் பொறுமை இருந்தால் இந்த நாயும் கறாராக வேலை செய்யும். என்னிடம் அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

நியூஃபி பிரியர்கள் சேர்ந்தால் கட்டாயம் வந்துவிழும் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் பயணம் போன மெரிவெதர் லூயிஸ் 1803இல் 20 டாலருக்கு வாங்கிய சீமன் என்ற நாய். ஆற்றைக் கடந்து நீந்தும் அணில்களைப் பிடித்துக் கொடுக்கும், 1805இல் ஒரு ராத்திரி முகாமுக்குள் புகுந்து தூங்குகிறவர்கள் பக்கமாக ஓடிவந்த காட்டெருமையைத் திசை திருப்பிவிட்டது. இன்னொன்று கேண்டர். 1941 டிசம்பரில் ஹாங்காங் போரில், காயம்பட்ட கனடியச் சிப்பாய்களுக்குப் பக்கத்தில் விழுந்த கையெறி குண்டைக் கவ்விக்கொண்டு ஓடி, அது வெடித்து இறந்தது. 2000ஆம் ஆண்டில் அதற்கு, போரில் வீரம் காட்டிய விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். குண்டு என்றால் என்னவென்று கேண்டருக்குத் தெரியுமா? தெரியும் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆனால் போ என்று யாரும் சொல்லாதபோது அது போனது என்பதைக் கரடியோடு வாழ்ந்தவனாக என்னால் நம்ப முடிகிறது.

குறைகள் என்று பார்த்தால், புத்தியைவிட எடைதான் தொல்லை. வேறு நாய் அடம்பிடித்தால் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடலாம். இவன் இடப்பக்கம் போக வேண்டும் என்று முடிவெடுத்து நடுத்தெருவில் படுத்துவிட்டால் பேச்சுவார்த்தைதான் ஒரே வழி. சமையல் மேடைக்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை, தலை அந்த உயரத்திலேயே இருக்கிறது. நான் அறையைவிட்டு வெளியே போகும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பான், இதையும் புத்தியில் சேர்க்கத்தான் வேண்டும். குரலை உயர்த்திவிட்டால் கெட்டது. ஒரு தடவை கத்திவிட்டேன், இரண்டு நாள் நான் நுழையும் அறையிலிருந்து எழுந்து போய்க்கொண்டிருந்தான். அதட்டிப் பழக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இனத்தைத் தொட வேண்டாம். ஜொள்ளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், சுவர் வரை போகும்.

வெயிலில் இவனுக்குப் பாதி புத்திதான். அந்த ரோமத்தைப் போர்த்திக்கொண்டு நம்மாலும் யோசிக்க முடியாது. மத்தியானம் சொன்னால் காதில் விழாதது, விடிகாலையில் சொன்னால் உடனே விழும். பயிற்சியில் தேறவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான்.

எனக்கே இன்னும் உறுத்தும் ஒன்று இருக்கிறது. ஆறாம் வயதில் "உட்கார்" என்றால் நிற்க ஆரம்பித்தான். வகுப்பில் பார்த்த அதே பழைய பார்வை. சரி, மறுபடி யோசிக்கிறான் என்று காத்திருந்தேன். காத்திருந்தும் உட்காரவில்லை. வயசாகி அடம் கூடிவிட்டது என்று எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இரண்டு மாசம். மகள்தான் ஒரு நாள், "அப்பா, அவன் உட்காரும்போது ஒரு பக்கமா சாயறான், பாருங்க" என்றாள். எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டுத் தேய்மானம். இந்த இனத்தில் சகஜமான கோளாறு, முன்பே எனக்குத் தெரிந்த விஷயமும்கூட. வலிக்குது என்று அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த இரண்டு மாசத்தில் வீட்டிலேயே மக்கு யார் என்று கேட்டால், நான்தான்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: சட்டென்று வித்தைகள் கற்கும் நாய் வேண்டுமென்றால் இது இல்லை. முதல் இரண்டு வருஷம் உடம்பு வளர்ந்த வேகத்துக்கு மூளை வளராது, அந்த இரண்டு வருஷத்தில் மனசு வெறுத்துவிடாதவர்கள் வாங்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதன் புத்தி நன்றாக வேலை செய்யும், உங்களைக் கேட்காமலே.

இப்போதெல்லாம் கரடி ஆழத்துக்குப் போவதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் நீந்துவதைப் பார்ப்பான். ஒரு குறிப்பிட்ட தூரம் வரைக்கும் சும்மா இருப்பான், அதைத் தாண்டினால் ஒரே ஒரு குரைப்பு. திரும்பி வந்துவிடுவேன். இந்தக் கட்டளையை நான் எத்தனை தடவையில் கற்றுக்கொண்டேன் என்று எண்ணவில்லை, ஆனால் இருபத்தைந்துக்கு மேல் இருக்கும்.