முழங்கால் கண்டலும் காதுக் கண்டலும்

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டுக்குள் ஓடித் திரியும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு முழங்காலிலும் அதற்குக் கீழேயும் நெற்றியிலும் கண்டல் (அடிபட்டுத் தோலுக்குள் இரத்தம் கன்றிய இடம்) இருந்தால் நான் பயப்பட மாட்டேன். விழும்போது எலும்பு முன்னுக்கு நிற்கும் இடம்தான் அடிபடும். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மாறிவிடும்.

காது, கழுத்து, வயிறு அப்படியல்ல. விளையாட்டில் அங்கே அடிபடுவது அரிது. இன்னும் தவழாத குழந்தையென்றால் எந்த இடத்துக் கண்டலும் பெரிய விஷயம்தான்; அன்றைக்கே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் சரியாக உறையாத நோயாக இருக்கலாம், யாரோ அடித்ததாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து எத்தனை நாள் கண்டல் என்று சொல்லவும் முடியாது. அப்புறம், காய்ச்சலோடு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையை யாரும் துன்புறுத்துவதாகச் சந்தேகம் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.