கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பின்தொடர: செல்களை எண்ணுவதா, ஏஎஃப்பியும் ஸ்கேனுமா?

என் அண்ணனுக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி இருப்பது உறுதியாகி, தமனி வழியாகக் கட்டிக்குள் மருந்தைச் செலுத்தி அதன் ரத்த ஓட்டத்தை அடைக்கும் 'டேஸ்' சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, அது பலித்ததா என்பதை எதை வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. மருத்துவர் சொன்னது பழைய வழி: கல்லீரல் புற்றுநோயில் பெரும்பாலும் உயரும் புரதங்களை அளக்கும் ஏஎஃப்பி, பிவ்கா ஆகிய ரத்தச் சோதனைகளும், ரத்த ஓட்டம் படத்தில் தெரிய 'காண்ட்ராஸ்ட்' மருந்தை ஏற்றிப் பல கட்டங்களாக எடுக்கும் சிடி ஸ்கேனும். அண்ணன் மகன் படித்துவிட்டு வந்து கேட்டது புதிய வழி: ரத்தத்தில் உலவும் புற்றுநோய்ச் செல்களைப் பிடித்து எண்ணும் சிடிசி சோதனை. "சித்தப்பா, கட்டியிலிருந்து கழன்று வரும் செல்லையே பார்க்கலாம் என்னும்போது ஒரு புரதத்தை ஏன் அளந்துகொண்டிருக்க வேண்டும்?" என்று அவன் கேட்டதற்கு, மருத்துவ ஆய்வகத்திலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கும் உடனே பதில் வரவில்லை. இரண்டையும் செய்தோம். இப்போது பழைய வழியை மட்டும் தொடர்கிறோம்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு சிடிசி சோதனைக்குக் கொடுத்த பணத்தில் ஏஎஃப்பியைப் பல முறை பார்த்திருக்கலாம். ரத்தம் கொடுப்பதில் சிரமம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்கேனுக்குக் கதிர்வீச்சு உண்டு, காண்ட்ராஸ்ட் ஏற்றுமுன் சிறுநீரகம் சரியா என்று அறியக் கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

சிடிசி என்ற கருத்து புதியதன்று. 1869ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் உள்ளவற்றை ஒத்த செல்களைக் கண்டு எழுதியிருக்கிறார். அவற்றை ஒழுங்காக எண்ணுவதற்கு 'செல்சர்ச்' என்ற கருவி 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த அனுமதி பரவிய மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில், 'எப்கேம்' என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்ட செல்களை, அதைப் பற்றிக்கொள்ளும் காந்தத் துகள்களால் இழுத்தெடுப்பது அதன் வழிமுறை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்களும் சில பத்து லட்சம் வெள்ளையணுக்களும் இருக்க, அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று செல்களைத் தேடிப் பிடிக்கும் இந்த வேலையின் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லீரல் செல்லிலிருந்து தோன்றும் புற்றுநோய்களில் எப்கேம் தெளிவாக வெளிப்படுபவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவற்றில் தூண்டிலில் மாட்டாத மீன்கள் நிறையவே இருக்கும். இதற்காகவே செல்லின் அளவை வைத்து வடிகட்டும் முறைகளும், கல்லீரல் செல்லுக்கே உரிய ஏற்பிகளைக் கொண்டு பிடிக்கும் முறைகளும் வந்துள்ளன. ஆனால் ஒரு முறையில் வந்த எண்ணை மற்றொரு முறையின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

இந்தச் சோதனைக்குப் பலம் இல்லாமல் இல்லை. ஷாங்காயின் சோங்ஷான் மருத்துவமனை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன்பே 7.5 மில்லிலிட்டரில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எப்கேம் செல்கள் இருந்தவர்களுக்கு, கட்டியை அகற்றிய பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை இரு கூட்டமாகப் பிரித்து, எந்தக் கூட்டத்துக்கு ஆபத்து அதிகம் என்று சொல்வதற்கு இந்த எண் உதவுகிறது. ஒரே மனிதரிடம் மாதாமாதம் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது வேறு வேலை. நான் கட்சி மாறியது இந்த இடத்தில்தான்.

அண்ணனுக்கு டேஸ் செய்வதற்கு முன் சிடிசி எண்ணிக்கை 2. ஒரு மாதம் கழித்து 0. அன்று மாலை அண்ணி பாயசம் வைத்தார். மூன்றாம் நாள் சிடி ஸ்கேன் அறிக்கை வந்தது. அடைத்த கட்டியின் ஓரத்தில், காண்ட்ராஸ்ட் தமனிகளில் ஓடும்போது எடுத்த தமனிக் கட்டப் படத்தில், பிறை போல ஒரு விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. அங்கே காண்ட்ராஸ்ட் ஏறுகிறது என்றால் ரத்தம் ஓடுகிறது, கட்டியின் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று பொருள். 2010இல் வகுக்கப்பட்ட 'எம்ரெசிஸ்ட்' அளவுகோல், கட்டியின் மொத்த அளவை விட்டுவிட்டு, இப்படி உயிரோடு இருக்கும் பகுதியை மட்டும் அளக்கச் சொல்வதும் இதனால்தான்.

அப்படியானால் அந்தப் பூஜ்யம் பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. அதற்குப் பொருள் குறைவு, அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெள்ளையணுக்களை, கட்டங்கள் வரைந்த கண்ணாடித் தகடான நியூபாவர் அறையில் நுண்ணோக்கி வழியே கண்ணால் எண்ணுவோம். நான்கு மூலைக் கட்டங்களில் நூற்றுக்கு மேல் எண்ணி, ஐம்பதால் பெருக்கி எழுதுவோம். எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தால் தலைமைத் தொழில்நுட்பர் கையெழுத்துப் போடமாட்டார், மறுபடி எண்ணச் சொல்வார். சிறிய எண்கள் தற்செயலாலேயே ஏறி இறங்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஒருவர் உடலில் 7.5 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 2 செல் என்ற நிலை சிறிதும் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டு தற்செயலாக வரும் சிறிய எண்ணிக்கைகளுக்கான பாய்சான் பரவலின்படி கணக்கிட்டால், ஏறத்தாழ ஏழு குழாய்களில் ஒன்று ஒரு செல்கூட இல்லாமல் வரும். ஏழில் இன்னொன்றில் 4 அல்லது அதற்கு மேல் இருக்கும். காலையில் எடுத்த குழாய் 'நோய் போய்விட்டது' என்றும், பக்கத்துக் குழாய் 'இரட்டிப்பாகிவிட்டது' என்றும் சொல்லக்கூடும். இடையில் உடலில் எதுவும் நடந்திருக்காது. இரண்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதை வைத்துப் பாயசம் வைத்திருக்கக் கூடாது என்று அண்ணியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏஎஃப்பியின் கதை வேறு. டேஸுக்கு முன் மில்லிலிட்டருக்கு 640 நானோகிராம். ஒரு மாதம் கழித்து 95. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏஎஃப்பி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். சுரக்கும் இடம் முழுவதும் அழிந்திருந்தால் முப்பது நாளில் குறைந்தது நான்கு முறையாவது பாதியாகி 40க்குக் கீழே போயிருக்க வேண்டும். 95இல் நிற்கிறது என்றால் எங்கோ இன்னும் சுரக்கிறது. ஸ்கேன் காட்டிய பிறையும் இந்தக் கணக்கும் ஒரே செய்தியைச் சொன்னதால், மருத்துவர் தயங்காமல் இரண்டாம் டேஸுக்கு ஏற்பாடு செய்தார். அதன் பிறகு 22, பிறகு 9.

ஏஎஃப்பிக்கும் குறை உண்டு. கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்காவது அது உயர்வதே இல்லை. அவர்களுக்கு இந்த அலசலில் பாதி பயன்படாது. கட்டி இல்லாமலும் உயரும். அடுத்த ஆண்டு அண்ணனுக்கு 9லிருந்து 41 ஆனபோது எல்லோரும் பதறினோம்; கல்லீரல் செல்கள் பாதிக்கப்படுவதைக் காட்டும் எஸ்ஜிபிடியும் கூடவே ஏறியிருந்தது, பிவ்கா அசையவில்லை. விசாரித்தால், ஹெபடைடிஸ் பி மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார். மாத்திரையைத் தொடர்ந்ததும் எல்லாம் இறங்கின. பிவ்காவும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களிடமும் வைட்டமின் கே குறைந்தவர்களிடமும் வீணாக உயரும். டேஸில் பயன்படுத்தும் லிப்பியோடால் எண்ணெய் சிடி படத்தில் வெள்ளையாகப் படிந்து விளிம்பை மறைக்கும், அப்போது எம்ஆர்ஐ தேவைப்படலாம். ஆனாலும் இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும், சரிபார்க்க வழி உண்டு. சிடிசியில் வந்த பூஜ்யத்தை எதைக் கொண்டு சரிபார்ப்பது?

எண் மாறினால் மருத்துவம் மாறுமா என்பதையும் கேட்க வேண்டும். ராமுசிருமாப் என்ற மருந்தைக் கல்லீரல் புற்றுநோயில் ஏஎஃப்பி 400 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கே கொடுக்கிறார்கள். அமெரிக்க உறுப்புப் பகிர்வு விதிகளில், 1000ஐத் தாண்டியவர்களுக்கு அது 500க்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுக் கல்லீரலுக்கான முன்னுரிமை. சிடிசிக்கு அப்படிப்பட்ட இடம் கல்லீரல் புற்றுநோயில் இல்லை. எண்ணுவதில் முந்திக்கொண்ட மார்பகப் புற்றுநோயிலேயே, முதல் சுற்று மருந்துக்குப் பிறகும் செல் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2014இல் வெளிவந்தது. மாற்றியதால் ஆயுள் கூடவில்லை.

அறுவை செய்துகொண்டவர்களிடமும், ஏஎஃப்பி சுரக்காத கட்டி உள்ளவர்களிடமும் சிடிசிக்கு என் மதிப்பீட்டைவிடக் கூடுதல் பயன் இருக்கலாம். எங்கள் அனுபவம் டேஸ் செய்த ஒரே ஒருவருடையது, சிடிசியும் இரண்டே முறைதான் செய்தோம். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் சோதனையை நாங்கள் செய்யவில்லை என்பதால் அதை இங்கே எடைபோடவில்லை.

அண்ணன் இப்போது மகனோடு வேறு ஊரில் இருக்கிறார். ஸ்கேனை அங்கேயே எடுத்துக்கொள்கிறார். ஏஎஃப்பிக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார். ஒரு கருவியில் 9 காட்டும் சீரம் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் 12 காட்டலாம் என்பதால், முதல் நாள் பார்த்த அதே ஆய்வகத்தில் அதே கருவியில்தான் பார்க்கிறோம். போன முறை அவர்கள் கருவியை மாற்றியிருந்தார்கள். பழையதிலும் புதியதிலுமாக ஒரே மாதிரியை இருமுறை ஓட்டச் சொல்லி, இரண்டு எண்ணையும் கோப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.