ஐஆர்எஸ் தளத்தின் கல்விச் சலுகைக் கருவி: தகுதியைச் சொல்லும், தொகையைச் சொல்லாது

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள், வரித்தாக்கலில் உட்காரும் முன் ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) தளத்தின் இலவசக் கேள்வி-பதில் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெயரோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்காது. வருமானம், சார்ந்திருப்பவர், பாதி நேரமாவது படித்தாரா என்று விசாரித்து, கிரெடிட் எனப்படும் வரிச் சலுகைகளில் உங்களுக்குரியது அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டா, லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டா என்று சொல்லிவிடும்.

முதலாவது இளநிலையின் நான்கு வருடத்துக்கு, மாணவருக்கு 2,500 டாலர் வரை. கட்ட வேண்டிய வரியே இல்லையென்றாலும் 1,000 வரை கைக்கு வரலாம். இரண்டாவது முதுநிலைக்கும் உண்டு, குடும்பத்துக்கே 2,000 வரை, வரியைக் குறைக்க மட்டும். எஃப்-1 மாணவர் விசாவில், வரிக்கு வெளிநாட்டவராகக் கருதப்படுவோருக்கான 1040-என்ஆர் படிவம் போடும் நம் மாணவர்களுக்குப் பொதுவாக இரண்டுமே கிடையாது. இது தெரியாமல் சாதாரண 1040 போட்டுப் பணம் வாங்கினால் பிறகு வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

வடிகட்டும் வேலையில் கருவிக்குக் குறை சொல்ல முடியாது. தொகைக்கு வந்தால்தான் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. கட்டிய கட்டணத்தைக் காட்டிக் கல்லூரி அனுப்பும் 1098-டி படிவத்தின் முதல் பெட்டியில் உள்ள தொகையை அப்படியே எடுத்துப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. வெளிக்கடையில் வாங்கிய பாடப்புத்தகம் அதில் இருக்காது. முதல் கிரெடிட்டுக்கு அதையும் சேர்க்கலாம். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு டிசம்பரிலேயே கட்டியிருந்தால் அது கட்டிய வருடக் கணக்கு. விடுதி, சாப்பாடு எதிலும் வராது.

உதவித்தொகை இன்னும் நுணுக்கம். கட்டணம் 6,000, பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை 5,500 என்று வையுங்கள். மொத்தத்தையும் கட்டணத்தில் கழித்தால் மிஞ்சுவது 500, முதல் கிரெடிட்டும் 500. அதில் 3,500 தங்கும் செலவுக்குப் போனதாக மாணவரின் வருமானத்தில் காட்டினால், கட்டணத்தில் 4,000 மிஞ்சி முழு 2,500 கிடைக்கும். மாணவருக்கு வேறு வருமானம் குறைவாக இருந்தால் இதுவே லாபம். கட்டணத்துக்கு மட்டும் என்று நிபந்தனை உள்ள உதவித்தொகைக்கு இந்த வழி செல்லாது.

பிறகு, கிரெடிட்டைக் கேட்கும் படிவம் 8863. முதல் கிரெடிட் கேட்பவர்கள் கல்லூரியின் இஐஎன் என்ற வரி அடையாள எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும். அது 1098-டியிலேயே இருக்கும்.